ஹீத் செடிகளை வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹீத் என்னும் இந்தச் சிறு பூப்புதர் காய்ந்தாலும் பூ உதிராது, நிறமும் சட்டென்று மங்காது. செடி செத்து மூன்று வாரம் ஆன பிறகும் அது தொட்டியில் அழகாகவே நிற்கும். ஒருநாள் கை பட்டு இலைகள் பொலபொலவென்று கொட்டும்போதுதான் விஷயம் தெரியும். என் முதல் மூன்று செடிகள் அப்படித்தான் போயின. அந்த வருத்தத்தில் தேடித் தேடிக் கற்றுக்கொண்டதும், பிறகு பல வருடம் வளர்த்துத் தெரிந்துகொண்டதும்தான் கீழே உள்ள பதில்கள்.

ஹீத், ஹெதர், எரிகா எல்லாம் ஒரே செடிதானா?

நெருங்கிய சொந்தங்கள், ஆனால் ஒன்றல்ல. எல்லாமே எரிகேசியே குடும்பம். அசேலியா, ரோடோடென்ட்ரான், புளூபெர்ரி ஆகியவையும் இதே குடும்பம்தான்.

ஹீத் என்று பொதுவாகச் சொல்வது எரிகா பேரினத்தை. இதில் 800-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் பெரும்பான்மை தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு உரியவை. ஐரோப்பாவில் இருப்பவை கொஞ்சம்தான், ஆனால் தோட்டங்களில் அதிகம் காணப்படுவது அவைதான். ஹெதர் என்பது காலூனா வல்காரிஸ். அந்தப் பேரினத்தில் இருப்பதே அந்த ஓர் இனம்தான். முதலில் எரிகாவோடு சேர்த்து வைத்திருந்தார்கள், 1802-ல் தனியாகப் பிரித்தார்கள். 'பெருக்கிச் சுத்தம் செய்' என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதன் கிளைகளைக் கட்டித் துடைப்பமாகப் பயன்படுத்திய காலம் உண்டு.

கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் எளிதில் தெரியும். எரிகாவின் இலை ஊசி மாதிரி இருக்கும், தண்டைச் சுற்றி மூன்று நான்காக வட்டமாக அமைந்திருக்கும். காலூனாவின் இலை செதில் மாதிரி மிகச் சிறியது, எதிரெதிர் ஜோடிகளாகத் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். ஆஸ்திரேலியாவில் ஹீத் என்று அழைக்கப்படுவது எபாக்ரிஸ். அதன் இளஞ்சிவப்பு வகைதான் 1958 முதல் விக்டோரியா மாநிலத்தின் மலர்ச் சின்னம். இதுவும் இதே குடும்பம்தான் என்பதால், இங்கே சொல்லும் பெரும்பாலான விஷயங்கள் அதற்கும் பொருந்தும்.

வெப்பமான இடத்தில் வளருமா?

வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: பகலில் மட்டும் வெயில் அடித்து இரவில் குளிர்ந்துவிடும் இடமென்றால் முயன்று பார்க்கலாம். இரவிலும் புழுக்கம் விடாத இடமென்றால் பெரும்பாலான ஹீத் வகைகள் நீண்ட நாள் நிற்காது. இவை திறந்த மேட்டு நிலங்களிலும் மலைச்சரிவுகளிலும் காற்று ஓயாமல் வீசும் இடத்தில் வளர்ந்து பழகியவை. வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்து வந்தால் வேர் அழுகல் நோய்க்கு அது விருந்து.

அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால் தரையில் நடாமல் தொட்டியில் வையுங்கள். காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைத்து, உச்சிவேளைக்குப் பிறகு நிழல் விழும் இடம் நல்லது. குளிர் மாதங்களில் வாங்கி, பூத்து முடியும்வரை வைத்து ரசிப்பது என்று முடிவெடுத்தாலும் தவறில்லை.

குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர்களுக்குக் கவலை வேறு. காலூனா, எரிகா கார்னியா இரண்டும் மைனஸ் 20 டிகிரியைக்கூடத் தாங்கும். கேப் பகுதி எரிகாக்கள் அப்படியல்ல. பெரும்பாலானவை லேசான உறைபனியோடு சரி, கடுங்குளிர் வந்தால் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

மண் எப்படி இருக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்விக்கு நேரம் கொடுத்துப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து தானே புரிந்துவிடும்.

செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாகக் கழற்றி வேரைப் பாருங்கள். தக்காளிச் செடியில் தெரிவது போல விரிந்து ஓடும் வேர் இருக்காது. பழுப்பு நிறத்தில் தலைமுடிச் சிக்கு மாதிரி ஒரு திரள்தான் இருக்கும். அதன் நுனி வேர்கள் 0.1 மில்லிமீட்டரைவிட மெல்லியவை. மற்ற செடிகளின் வேர்களில் இருக்கும் வேர்த்தூவிகள் இதில் கிடையாது. அந்த வேலையைச் செய்வது வேர் செல்களுக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. மட்கிய இலைதழைகளில் சிக்கியிருக்கும் நைட்ரஜனைப் பிரித்து எடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடியிடமிருந்து சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. வேறு எதுவும் எளிதில் பிழைக்காத சத்தில்லாத புளிப்பு மண்ணில் ஹீத் மட்டும் செழிப்பதற்கு இந்தக் கூட்டணிதான் காரணம்.

ஆகவே வேண்டியது மூன்று. மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.5-க்கும் 5.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். தண்ணீர் தேங்காமல் வடிய வேண்டும், ஆனால் ஈரம் நிற்க வேண்டும். சத்து அதிகம் இருக்கக் கூடாது. மண்ணில் சுண்ணாம்பு கூடினால் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது, கொழுந்து வெளுத்துவிடும்.

உங்கள் மண் எப்படி என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை: காய்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது, அந்த இடத்தில் காலூனாவை நடுவதை மறந்துவிடுங்கள். நுரைக்கவில்லை என்றால் புளிப்பு மண் என்று அர்த்தமில்லை. அடுத்து பிஎச் சோதனை செய்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

எங்கள் மண் சுண்ணாம்பு மண். வழியே இல்லையா?

இருக்கிறது. எரிகா கார்னியா, எரிகா டார்லியென்சிஸ், எரிகா எரிஜினா, எரிகா வேகன்ஸ் ஆகியவை ஓரளவு சுண்ணாம்பைப் பொறுத்துக்கொள்ளும். முதல் இரண்டும் குளிர்காலத்தில் பூப்பவை. கார்னியாவில் 'ஸ்பிரிங்வுட் ஒயிட்' என்ற வெள்ளை ரகம் தரையோடு படர்ந்து பாத்தியையே மூடிவிடும், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். பொறுத்துக்கொள்ளும் என்றால் விரும்பும் என்று அர்த்தமல்ல, இவற்றுக்கும் மட்கு கலந்த மண் கொடுத்தால்தான் சந்தோஷம்.

மற்ற வகைகள்தான் வேண்டும் என்றால் தொட்டிதான் வழி, அல்லது 30 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி. தரையில் குழி தோண்டிப் புளிப்புக் கலவையை நிரப்புவதில் பலனில்லை. சுற்றியுள்ள சுண்ணாம்பு நீர் கசிந்து வந்து ஓரிரு வருடத்தில் அதையும் தன் வழிக்குக் கொண்டுவந்துவிடும்.

வினிகர், காபித்தூள், பைன் ஊசி இலை போட்டால் மண் புளிக்குமா?

வினிகரின் விளைவு சில நாள்தான் நிற்கும், நடுவில் வேருக்குத்தான் தொல்லை. காபி வடித்த சக்கையில் இருந்த அமிலம் ஏற்கெனவே டிகாஷனோடு போய்விட்டது. பைன் ஊசி இலைகள் மண்ணின் பிஎச் அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை, ஆனால் மூடாக்காகப் போட அவை மிக நன்றாக இருக்கும், அதற்காகவே போடலாம்.

உண்மையில் வேலை செய்வது கந்தகத் தூள். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதை மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாற்றும். இதற்குப் பல மாதங்கள் ஆகும், அதனால் நடுவதற்கு முந்தைய பருவத்திலேயே கலந்து விட வேண்டும். அவசரப்பட்டு அளவைக் கூட்டாதீர்கள். சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணுக்கு இதுவும் உதவாது.

தொட்டிக்கு என்ன கலவை?

மட்கிய மரப்பட்டைத் தூள் இரண்டு பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. நான் போடுவது இதைத்தான். கோகோபீட்டில் உப்பு இருக்கலாம், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து போடுங்கள். பீட் பாசி இதற்கு மிகவும் பொருத்தமானது என்பது உண்மைதான். ஆனால் அதை வெட்டி எடுக்கும் சதுப்பு நிலங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்தவை, நம் காலத்தில் திரும்பி வராதவை. அது இல்லாமலே செடி நன்றாக வளர்வதைப் பார்த்த பிறகு நான் பீட் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

மணல் கட்டாயம் சுண்ணாம்பு இல்லாததாக இருக்க வேண்டும். சிப்பித் தூள் கலந்த கடற்கரை மணல் வேண்டாம்.

நடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

நர்சரித் தொட்டியிலிருந்து எடுத்ததும் வேர்ப்பந்து இறுகிக் கட்டியாக இருக்கும். அப்படியே நட்டால் வேர் வெளியே போகாது, ஒரு வருடம் கழித்துப் பிடுங்கினாலும் அதே தொட்டி வடிவத்தில் வரும். முதலில் தண்ணீரில் ஊறவையுங்கள். பிறகு விரல்களால் பக்கவாட்டிலும் அடியிலும் லேசாகக் கலைத்து விடுங்கள். சில வேர்கள் அறுந்தால் பரவாயில்லை.

கொஞ்சம் ஆழமாகவே நடலாம். கீழ் இலைகள் மண்ணைத் தொடும்படி இருந்தால் தண்டிலிருந்தும் வேர் விடும், மொட்டைக் காலும் தெரியாது. செடிக்குச் செடி 30 முதல் 45 சென்டிமீட்டர். ஒன்றைத் தனியாக வைப்பதைவிட ஒரே ரகத்தில் மூன்று ஐந்து சேர்த்து வைத்தால்தான் ஹீத்துக்கு அழகு.

தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை?

நாள் கணக்கு வைக்காதீர்கள், தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். நனைந்த தொட்டி எவ்வளவு கனக்கும் என்று கைக்குப் பழகிவிட்டால் போதும். பாதி எடை குறைந்ததும் ஊற்றுங்கள். தரையில் நட்டிருந்தால் முதல் வருடம் முழுக்க, விரலை இரண்டு சென்டிமீட்டர் நுழைத்து ஈரம் பாருங்கள். வேர் மேல் 10, 15 சென்டிமீட்டரிலேயே இருப்பதால் அடியில் ஈரம் இருந்தாலும் அதனால் பயனில்லை.

பெரும்பாலான ஹீத் செடிகள் சாவது தண்ணீரின்றிக் காய்ந்துதான். மற்ற செடி வாடும், தலை தொங்கும், நாம் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவோம். இந்தச் செடி அப்படி எதையும் காட்டாது. அதைவிட மோசம், பீட்டும் கோகோபீட்டும் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது தொட்டியின் ஓரமாக வழிந்து அடியில் வந்துவிடும். தட்டில் தண்ணீர் நிற்பதைப் பார்த்து நனைந்துவிட்டது என்று நினைப்போம், உள்ளே வேர்ப்பந்து காய்ந்த தேங்காய் நார் மாதிரி இருக்கும்.

சந்தேகம் வந்தால் தொட்டியோடு வாளித் தண்ணீரில் இறக்குங்கள். காய்ந்திருந்தால் மிதக்கும். கையால் அழுத்திப் பிடியுங்கள், மண்ணிலிருந்து குமிழிகள் சரம் சரமாக மேலே வரும். குமிழி நிற்கும்வரை, அதாவது அரைமணி நேரமாவது, அப்படியே விட்டு, பிறகு எடுத்து நன்றாக வடியவிடுங்கள். நர்சரியிலிருந்து எந்த ஹீத் வந்தாலும் முதல் வேலையாக நான் செய்வது இதுதான்.

அதற்காகத் தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கவிடக் கூடாது. எரிகா டெட்ராலிக்ஸ் மட்டும் விதிவிலக்கு, அது ஈர நிலத்துச் செடி.

போர் தண்ணீர் ஊற்றலாமா?

பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் என்றால் வேண்டாம், அது சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு இடுவதற்குச் சமம். மழைநீர் பிடித்து வையுங்கள். இல்லாதபோது கொதித்து ஆறிய தண்ணீரைத் தெளிவாக இறுத்து ஊற்றலாம், படிவு கொஞ்சம் குறையும். வேறு எதுவுமே இல்லை என்றால் செடியைக் காயவிடுவதைவிட இருக்கிற தண்ணீரை ஊற்றுங்கள்.

என்ன உரம் போடலாம்?

கிட்டத்தட்ட எதுவும் வேண்டாம். அன்பாகச் சாணி எருவும் எலும்புத் தூளும் போட்டுச் செடியைக் கொன்றவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர். பாஸ்பரஸ் அதிகமானால் கேப் எரிகாக்களும் ஆஸ்திரேலிய எபாக்ரிஸும் தாங்காது. அடுப்புச் சாம்பலும் கூடாது, அது காரம்.

தரையில் இருக்கும் செடிக்கு மரப்பட்டை மூடாக்கே போதும், வருடம் ஒருமுறை ஐந்து சென்டிமீட்டர் கனத்தில். தொட்டிச் செடிக்கு வேண்டுமானால் புளிப்பு மண் செடிகளுக்கென்று விற்கும் மெதுவாகக் கரையும் உரத்தை, பாக்கெட்டில் சொன்னதில் பாதி அளவு, புதுக்கொழுந்து கிளம்பும் சமயம் ஒரே ஒரு முறை போடுங்கள்.

கவாத்து எப்போது, எங்கே வெட்டுவது?

எப்போது என்பது எளிது. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பூக்கும் காலூனா, எரிகா சினேரியா போன்றவற்றைக் குளிர்காலம் முடிந்து புதுக்கொழுந்து கிளம்பும் முன் வெட்ட வேண்டும். குளிர்காலத்தில் பூக்கும் கார்னியா, டார்லியென்சிஸ் இரண்டையும் பூ முடிந்த கையோடு வெட்ட வேண்டும், தாமதித்தால் அடுத்த வருட அரும்பையும் சேர்த்து வெட்டிவிடுவோம்.

எங்கே என்பதில்தான் கை நடுங்கும். ஒரு கிளையைப் பிடித்து நுனியிலிருந்து கீழே வாருங்கள். முதலில் காய்ந்த பூச்சரம், அதற்கடுத்துப் பச்சை இலை உள்ள பகுதி, அதற்கும் கீழே இலையில்லாத பழுப்புக் கட்டை. காய்ந்த பூச்சரம் முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பச்சை இலை இருக்கும்போதே வெட்டுங்கள். பழுப்புக் கட்டைக்குள் கத்தரி போனால் அந்தக் கிளை பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. ரோஜாவை வெட்டிப் பழகிய கைக்கு இது புதிது. எரிகா ஆர்போரியா என்ற மர ஹீத் அப்படியல்ல, வேரடிக் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும். அந்தக் கிழங்குக் கட்டையில்தான் பிரையர் புகைக்குழாய் செய்கிறார்கள்.

முதல் வருடத்திலிருந்தே வெட்டுங்கள். கார்னியாவுக்கு லேசாக நுனி வெட்டினால் போதும், காலூனாவுக்கு வருடா வருடம் தவறாமல் வேண்டும். மூன்று வருடம் விட்டுவிட்டு நான்காவது வருடம் கத்தரியோடு போனால் வெட்டப் பச்சையே இருக்காது.

செடி நடுவில் பிளந்து அடி மொட்டையாகிவிட்டது. காப்பாற்றலாமா?

கவாத்தால் முடியாது, பதியனால் முடியும். செடியை வேரோடு எடுங்கள். அதே இடத்தில் குழியை இன்னும் ஆழமாக்கி, கிளை நுனிகள் மட்டும் மூன்று நான்கு சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி முழுச் செடியையும் உள்ளே இறக்கிவிடுங்கள். கிளைகளுக்கு நடுவே மட்கும் மணலும் கலந்து விரலால் தள்ளி நிரப்புங்கள். பார்க்கப் புதைத்துவிட்ட மாதிரிதான் இருக்கும். ஈரம் காயாமல் ஒரு வருடம் பார்த்துக்கொண்டால் ஒவ்வொரு கிளையும் தனியாக வேர் விட்டிருக்கும். தோண்டி எடுத்து வெட்டிப் பிரித்தால் ஒரு கிழட்டுச் செடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு இளஞ்செடி கிடைக்கும்.

வெட்டுத்துண்டு வைத்து வளர்க்கலாமா?

தாராளமாக. கோடை இறுதியில், பூ அரும்பு இல்லாத நுனியாகப் பார்த்து மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கிள்ளுங்கள். கீழ்ப்பாதி இலைகளை இரு விரலுக்கு நடுவே மெதுவாக உருவி, கோகோபீட்டும் மணலும் சம அளவில் கலந்த சிறு தொட்டியில் குத்தி வையுங்கள். மேலே கண்ணாடிச் சட்டியோ பிளாஸ்டிக் உறையோ மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் வராமல் பிடித்துக்கொண்டால் தயார். எல்லாமே பிடிக்காது, பத்து வேண்டுமென்றால் இருபது வையுங்கள்.

விதையிலிருந்து?

விதை தூசு மாதிரி இருக்கும், மண் மூடாமல் மேலே தூவ வேண்டும். கேப் பகுதிப் புதர்க்காடுகள் அவ்வப்போது தீப்பிடித்து மீண்டும் முளைப்பவை என்பதால், அங்குள்ள பல எரிகாக்களின் விதைக்குப் புகை பட்டால்தான் முளைக்கத் தோன்றும். புகை ஊறிய நீரில் விதையை ஊறவைப்பதுண்டு. விதைச் செடி தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது, ரகம் மாறக் கூடாது என்றால் வெட்டுத்துண்டுதான்.

தோட்டத்தில் வளர்ப்பதால் என்ன பெரிதாக ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு எரிகா வெர்டிசிலாட்டாவைப் பற்றிச் சொல்வேன். கேப் டவுன் பகுதியின் இந்த எரிகா நகரம் வளர வளரக் காட்டில் முற்றிலும் அழிந்தது. 1984-ல் பிரிட்டோரியாவில் ஒரு பூங்காவில் ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. லண்டனின் கியூ தோட்டத்திலும் வியன்னாவின் பெல்வெடேரிலும் யாரோ பழைய காலத்தில் கொண்டுபோய் வளர்த்தவையும் இருந்தன. அவற்றிலிருந்து வெட்டுத்துண்டு எடுத்துப் பெருக்கி, இன்று அதன் சொந்த மண்ணிலேயே மறுபடி நட்டிருக்கிறார்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது. ஏன்?

பைட்டாப்தோரா என்ற பூஞ்சை மாதிரியான நுண்ணுயிரால் வரும் வேர் அழுகலாக இருக்கலாம். ஒரு கிளை மட்டும் சாம்பல் பழுப்பாகி, பிறகு அடுத்தடுத்த கிளைகளுக்குப் பரவும். வேரைப் பார்த்தால் கறுத்துக் கொழகொழப்பாக இருக்கும். இதற்கு மருந்து தேடாதீர்கள். செடியை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள், அதே இடத்தில் மறுபடி ஹீத் நடாதீர்கள்.

கொழுந்து மஞ்சளானால் முதலில் உங்கள் ரகத்தைப் பாருங்கள். 'ராபர்ட் சாப்மன்' போன்ற காலூனா ரகங்களின் இலையே பொன்னிறம், குளிர் வந்தால் சிவந்துவிடும். அது நோயல்ல. பச்சை ரகம் மஞ்சளானால் சுண்ணாம்புப் பிரச்சினை, கீலேட் இரும்பு (செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு) தற்காலிகமாக உதவும், மண்ணையும் தண்ணீரையும் மாற்றுவதுதான் நிரந்தர வழி. பூச்சித் தொல்லை மிகக் குறைவு.

தேனீக்கள் வருமா?

நன்றாக வரும். காலூனாத் தேன் கூழ் மாதிரி கெட்டியாக இருக்கும், கலக்கினால் இளகும், விட்டுவிட்டால் மறுபடி உறையும். எரிகா கார்னியா வேறு பூ எதுவும் இல்லாத குளிர் மாதங்களில் பூப்பதால் சீக்கிரம் வெளிவரும் தேனீக்களுக்குப் பெரிய துணை.

ஆனால் வாங்கும்போது பாருங்கள். காலூனாவில் அரும்பாகவே நின்றுவிடும் ரகங்கள் இப்போது நிறைய விற்கிறார்கள். பூ விரியாததால் நிறம் மாதக்கணக்கில் நிற்கும், தேனீக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது. நீலமும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கும் செடி என்றால் விரலால் தேய்த்துப் பாருங்கள், அது சாயம் பூசியது.

குழந்தைகளும் நாய் பூனைகளும் இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

எரிகாவும் காலூனாவும் பயப்பட வேண்டிய செடிகள் அல்ல. கூடவே அசேலியா, ரோடோடென்ட்ரான், பியரிஸ் நட்டிருந்தால் கவனம் தேவை, அவற்றின் இலையிலும் தேனிலும் நஞ்சு உண்டு.

எத்தனை வருடம் வாழும்?

நன்றாகக் கவாத்து செய்தால் பத்துப் பதினைந்து வருடம் பார்க்க அழகாக இருக்கும். மர ஹீத் இன்னும் நெடுங்காலம். என்னிடம் உள்ள கார்னியா பதினொன்றாம் வருடத்தில் இருக்கிறது, போன வருடம் அதன் ஓரக் கிளை ஒன்று தானாகவே மண்ணில் படிந்து வேர் விட்டிருந்தது. அதை வெட்டிப் பக்கத்துத் தொட்டியில் வைத்தேன், இந்தக் குளிருக்கு அரும்பு கட்டியிருக்கிறது.